கேட்டால் கிடைக்கும்: நூலகர் பதில்கள்

ஆகஸ்ட் 12 நூலகர் தினம் வருகிறதே, பல்கலைக்கழக நூலகங்களைப் பற்றி என்ன கேட்க வேண்டுமோ கேளுங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். எதிர்பார்த்ததைவிட நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. 1988-இல் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் உதவியாளராகச் சேர்ந்து, 31 ஆண்டுகள் அதே வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். அட்டைகளைத் தட்டச்சு செய்து இழுப்பறையில் கோத்த காலமும் தெரியும், கம்ப்யூட்டரில் தேடும் காலமும் தெரியும். அந்த அனுபவத்தில்தான் பதில் சொல்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்கும் ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் என் மகள். எம்.ஏ. தமிழ் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. நூலகத்துக்குள் போனால் எங்கே நிற்பது என்றே தெரியவில்லை, யாரிடமும் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது என்கிறாள். நான் பத்தாவதோடு நிறுத்தியவள். அவளுக்கு என்ன சொல்லட்டும்?
(ஒரு தாய், திருத்துறைப்பூண்டி)

சகோதரி, உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்த்திருக்கிறேன். பையை வைக்கும் இடத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு, உள்ளே வந்து, அடுக்குகளுக்கு நடுவில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அப்படியே வெளியே போய்விடுவார்கள். ஒரு பெண் மூன்று நாள் தொடர்ந்து ஒரே அடுக்கின் முன்னால் வந்து நின்றாள். "என்னம்மா தேடறே?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல மேடம், சும்மா" என்பாள். நான்காம் நாள்தான் சொன்னாள், சிலப்பதிகாரத்துக்கு நல்ல உரை ஒன்று வேண்டுமாம். அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த அடுக்கில் ஏழெட்டு உரைகள் இருந்தன. புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் எண்தான் அந்தப் புத்தகத்தின் முகவரி என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்த மூன்று நாளும் வீணானதற்கு நான்தான் காரணம் என்று இன்றும் நினைக்கிறேன். முதல் நாளே அவள் கூடவே நடந்து போயிருக்க வேண்டும்.

ஆகவே மகளிடம் முதலில் அந்த எண்ணைச் சொல்லுங்கள். பெரும்பாலான இடங்களில் டூயி என்கிற முறைதான் பின்பற்றப்படுகிறது. அதில் 494.811 என்றால் தமிழ் மொழி, இலக்கணம். 894.811 என்றால் தமிழ் இலக்கியம். அதோடு இன்னோர் எண் சேரும். 1 சேர்ந்தால் கவிதை, 2 நாடகம், 3 கதையும் நாவலும். இவ்வளவு தெரிந்தாலே தமிழ் மாணவிக்குப் பாதி நூலகம் திறந்துவிடும்.

அப்புறம் கம்ப்யூட்டரில் தேடும்போது ஒரு சிக்கல் வரும். பல நூலகங்களில் பழைய தமிழ் நூல்களின் பெயரை ஆங்கில எழுத்தில்தான் பதிந்து வைத்திருக்கிறார்கள். அதிலும் ஒலிபெயர்ப்பு முறைப்படி 'சி' என்பதற்கு ஆங்கிலத்தின் மூன்றாம் எழுத்தைப் போட்டிருப்பார்கள். நம் பிள்ளைகள் 'எஸ்' போட்டுத் தேடுவார்கள். 'இந்த நூல் இல்லை' என்று திரை காட்டும், புத்தகமோ அடுக்கில் இருக்கும். தமிழில் ஒரு முறை, ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாக மாற்றி மாற்றி ஒரு முறை, பிறகு உரையாசிரியர் பெயரில் ஒரு முறை என்று தேடச் சொல்லுங்கள்.

அதற்கும் கிடைக்கவில்லையென்றால் மேசையில் இருப்பவரிடம் போய், "நான் புதுசு, எனக்குத் தேடத் தெரியல, காட்டுங்க" என்று கேட்கட்டும். காட்டுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். ஒருவர் முகம் சுளித்தால் அடுத்த மேசைக்குப் போகட்டும். ஒவ்வொரு நூலகத்திலும் கேட்ட உடனே எழுந்து வருகிற ஒருவராவது இருப்பார். அவர் யார் என்று கண்டுபிடித்துவிட்டால் இரண்டு ஆண்டுக்கும் கவலையில்லை.

எஸ்.ஆர்.ரங்கநாதன் எங்கள் ஊர்க்காரர். நூலகர் தினம் அவர் நினைவாகத்தான் என்பது எங்கள் பள்ளியில் சக ஆசிரியர்களுக்கே தெரியவில்லை. அவர் பல்கலைக்கழக நூலகத்தில் அப்படி என்ன செய்தார்? பிள்ளைகளுக்குச் சொல்லும்படி எழுதுங்கள்.
(ஓர் ஆசிரியர், சீர்காழி)

இந்தக் கேள்வி வராதா என்று காத்திருந்தேன்.

1892-இல் உங்கள் ஊரில் பிறந்த ரங்கநாதன் படித்தது கணிதம். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை என்பதிலிருந்து கதையைத் தொடங்குங்கள், பிள்ளைகள் காது கொடுப்பார்கள். வகுப்பு நிறைய மாணவர்களோடு பேசிப் பழகியவருக்கு, ஆள் அரவமில்லாத அறையில் உட்கார முடியவில்லை. ஒரு வாரத்துக்குள் பழைய கல்லூரிக்கே போய்த் தன்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி கேட்டார். லண்டன் போய் நூலகத்துறை படித்துவிட்டு வாருங்கள், அதற்குப் பிறகும் பிடிக்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பி வைத்தார்கள்.

இங்கிலாந்தில் அவர் ஊர் ஊராகப் போய் நூலகங்களைப் பார்த்தார். தொழிலாளர்களும் குழந்தைகளும் வந்து புத்தகம் எடுத்துப் போவதைப் பார்த்த பிறகு, அவருக்கு இந்த வேலையின் மேல் இருந்த எண்ணமே மாறிவிட்டது. அங்கே செல்ஃபிரிட்ஜ் என்கிற பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைக் கண்டார். துளையிட்ட சின்னச் சின்ன இரும்புப் பட்டைகள், திருகாணிகள். அவற்றையே மாற்றி மாற்றிக் கோத்தால் வண்டியும் வரும், பாரம் தூக்கியும் வரும். அவர் மனதில் ஒன்று பளிச்சிட்டது. அதுவரை இருந்த வகைப்பாட்டு முறைகளில் எல்லாப் பொருளுக்கும் முன்கூட்டியே ஓர் அறை கட்டி வைத்திருந்தார்கள். புதிதாக ஒரு பொருள் வந்தால் அதை எந்த அறையில் திணிப்பது என்று திண்டாட்டம். அறையே கட்டாமல், பட்டைகளை மட்டும் தயாராக வைத்துக்கொண்டு, புத்தகம் வரும்போது அதற்கேற்றபடி எண்ணைக் கோத்துக்கொண்டால் என்ன? பட்டைகளை இணைக்கும் திருகாணியாக முக்காற்புள்ளியைப் பயன்படுத்தினார். அதனால்தான் அதற்குக் கோலன் வகைப்பாடு என்று பெயர். 1933-இல் நூலாக வந்தது. உலகத்தில் எங்கே நூலகவியல் படித்தாலும் இந்தப் பெயரைக் கேட்காமல் இருக்க முடியாது.

இன்னொன்று, ஐந்து விதிகள். நூல்கள் பயன்படுத்துவதற்கே. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். வாசகரின் நேரத்தைச் சேமித்துக் கொடு. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர். 1931-இல் சென்னை நூலகச் சங்கம் இதைப் புத்தகமாக வெளியிட்டது. படிக்க எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு நம் ஊரில் புத்தகம் என்றால் பூட்டி வைத்துக் காக்க வேண்டிய பொருள். முதல் விதியே அந்தப் பூட்டின் மேல் விழுந்த அடி. அதே 1931-இல் மன்னார்குடிப் பக்கம் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புத்தகம் போனது. உங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த வண்டியைப் படமாக வரையச் சொல்லுங்கள்.

வாரத்தில் ஏழு நாளும், ஒரு நாளைக்கு 13 மணி நேரமும் உழைத்தவர், கல்யாணம் ஆன அன்று பிற்பகலே நூலகத்துக்குத் திரும்பிவிட்டார் என்று அவர் வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். (அந்த அம்மாவின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நான் நினைப்பதுண்டு. பிற்காலத்தில் தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து, மனைவி சாரதாவின் பெயரையும் சேர்த்து ஒரு பேராசிரியர் பதவியை நிறுவினார்.) 1936-இல் மெரினா கடற்கரையை ஒட்டிய இன்றைய கட்டடத்துக்கு நூலகம் குடிபோனதும் அவர் காலத்தில்தான். 1945 வரை அங்கே இருந்தார்.

பல்கலைக்கழகங்களில் நூலகர் தினத்தன்று அவர் படத்துக்கு மாலை, பேச்சு, வினாடி வினா எல்லாம் இருக்கும். எங்கள் நூலகத்தில் ஓர் ஆண்டு வரவுப் பதிவேடுகளை வெளியே எடுத்து மேசையில் விரித்து வைத்தோம். வாங்கிய ஒவ்வொரு புத்தகத்துக்கும் வரிசை எண், தேதி, விலை, கடை எல்லாம் மையால் எழுதிய தடித்த பதிவேடுகள். எட்டணா, ஒன்றே கால் ரூபாய் என்று விலையைப் பார்த்துப் பிள்ளைகள் வியந்தார்கள். ஒரு மாணவன் தன் தாத்தாவின் கையெழுத்தைக் கண்டுபிடித்தான். அவர் எங்கள் நூலகத்தில் எழுத்தராக இருந்தவர். அந்தப் பக்கத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

வாசிப்புக் கூடத்தில் உட்கார இடமே இல்லை. ஆராய்ச்சி செய்யும் எங்களுக்கு முன்னுரிமை தராமல், வேலைத் தேர்வுக்குப் படிப்பவர்கள் காலையிலேயே பையைப் போட்டு இடம் பிடித்துவிடுகிறார்கள். இது நியாயமா?
(முனைவர் பட்ட மாணவர், திருநெல்வேலி)

பையைப் போட்டுவிட்டு மூன்று மணி நேரம் காணாமல் போவது நியாயமில்லை. அரை மணிக்கு மேல் ஆளில்லாத பையை ஊழியர் எடுத்து ஓரமாக வைக்கலாம் என்று ஒரு விதி போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். நூலகக் குழுவுக்கு எழுதிக் கொடுங்கள்.

ஆனால் அவர்களை வெளியே அனுப்பச் சொல்லாதீர்கள் தம்பி. குரூப் 4-க்குப் படித்த ஒரு பெண் எங்கள் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே இரண்டு ஆண்டு உட்கார்ந்து படித்தாள். வீட்டில் ஒரே அறை, ஐந்து பேர், எந்நேரமும் டிவி. எங்கள் புத்தகம் ஒன்றைக்கூட அவள் எடுத்ததில்லை, சொந்தமாக வைத்திருந்த வழிகாட்டிதான். அவளுக்கு எங்களிடமிருந்து வேண்டியிருந்தது ஒரு மேசையும் அமைதியும். அதைக் கொடுக்கவும் நூலகம் வேண்டும். உங்களுக்கு ஆய்வாளர் அறை என்று தனியாக ஒன்று வேண்டும் என்பது சரியான கோரிக்கை. அதைக் கேளுங்கள், நானும் உங்கள் பக்கம் நிற்கிறேன்.

என் அப்பா தமிழாசிரியர். அவர் இறந்த பிறகு 1,200 புத்தகங்கள் இரும்பு பீரோக்களில் இருக்கின்றன. இலவசமாகத் தருகிறேன் என்றேன், பக்கத்துப் பல்கலைக்கழக நூலகத்தில் ஆர்வமே காட்டவில்லை. மனம் உடைந்துவிட்டது. பழைய பேப்பர் கடைக்குப் போடவும் கை வரவில்லை.
(ஒரு மகன், விருதுநகர்)

ஐயா, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. மறுத்தவர்கள் பக்கத்தையும் ஒரு நிமிடம் கேளுங்கள், பிறகு என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.

தானமாக வரும் புத்தகமும் இலவசமாக அடுக்கில் ஏறிவிடாது. ஒவ்வொன்றையும் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பதிவேட்டில் ஏற்ற வேண்டும், எண் போட வேண்டும், பார்கோடு ஒட்ட வேண்டும், கிழிந்திருந்தால் பைண்டிங் செய்ய வேண்டும். பூச்சியோடு வந்தால் மற்ற புத்தகங்களுக்கும் பரவும். ஆள் இல்லை, இடமும் இல்லை. காலியான பணியிடங்கள் நிரப்பப்படாமலே எத்தனையோ நூலகங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஆசையாக வாங்கிவிட்டு என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். எந்த ஊர், எந்த நூலகம் என்று சொல்லமாட்டேன். ஒரு பெரியவரின் வாழ்நாள் சேகரிப்பு 14 சாக்கு மூட்டைகளில் வந்தது. மாலை போட்டு, போட்டோ எடுத்து வாங்கினார்கள். மூட்டைகள் மாடிப்படிக்குக் கீழே போயின. பிரிக்க ஆள் ஒதுக்குகிறோம் என்று ஒவ்வோர் ஆண்டும் பேச்சு. ஐந்தாவது ஆண்டு ஐப்பசி மழையில் அந்த மூலையில் தண்ணீர் ஏறி இரண்டு நாள் நின்றது. பிரித்தபோது அடியில் இருந்த மூட்டைகளில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. மேலே இருந்த ஒரு மூட்டையில், 1920-களில் ஒரு சிற்றூர் அச்சகத்தில் அடித்த திருவிழா நாடகப் பாட்டுப் புத்தகங்கள். அவை மட்டும் தப்பின. மற்ற மூட்டைகளில் என்னென்ன இருந்தன என்பதற்குப் பட்டியல்கூடக் கிடையாது. எனக்கு அதைவிடப் பெரிய துக்கம் அந்த வேலையில் வேறில்லை.

அதனால்தான் முதலில் பட்டியல் போடுங்கள் என்கிறேன். ஒரு நோட்டில் நூல் பெயர், ஆசிரியர், அச்சகம், ஊர், ஆண்டு. ஒரு நாளைக்கு 40 புத்தகம் என்று எழுதினாலும் ஒரு மாதத்தில் முடியும். பட்டியலோடு போய்ப் பேசும்போது நூலகரின் முகமே மாறும். வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

பட்டியல் போடும்போது அகராதி, சங்க இலக்கியப் பதிப்பு போன்றவற்றைவிட, மதிப்பில்லை என்று நீங்கள் ஒதுக்கும் தாள்களை ஒரு தனிப் பெட்டியில் போடுங்கள். பழைய பாடப் புத்தகம், கோயில் திருவிழா நோட்டீஸ், நாடக விளம்பரம், கல்யாண வாழ்த்துமடல், சாதிச் சங்க மாநாட்டு மலர், நின்றுபோன சிற்றிதழ், தெருவில் மலிவாக விற்ற குஜிலிப் பாட்டுப் புத்தகம். நல்ல பதிப்புகள் வேறு பத்து இடத்தில் கிடைக்கும், இவை கிடைக்காது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, வாழ்நாள் முழுக்க இப்படித்தான் சேர்த்தார். 1992-இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. ஆனால் கடல் கடந்து கொண்டுபோகாமல் சென்னையிலேயே இருக்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். 1994-இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. தமிழ் அச்சு வரலாற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் அங்கே போகாமல் எழுத முடியாது. உங்கள் அப்பாவின் பீரோவிலும் அப்படி நான்கு தாள் இருக்கலாம். பார்த்துவிட்டு எனக்கும் எழுதுங்கள்.

பழைய புத்தகங்களில் சின்னச் சின்ன ஓட்டையாக விழுகிறது. வெள்ளியாகப் பளபளக்கும் பூச்சி ஓடுகிறது. என்ன செய்ய?
(வாசகி, கும்பகோணம்)

ஓடுவது வெள்ளிப்பூச்சி. ராமபாணம் என்றும் சொல்வார்கள். அது தாளின் மேற்பரப்பையும் பைண்டிங் பசையையும் சுரண்டித் தின்னும். உருண்டையாக ஓட்டை போடுவது பெரும்பாலும் ஒருவகை வண்டின் புழு. இரண்டுக்கும் ஈரமும் இருட்டும் பிடிக்கும். சுவரை ஒட்டி அடுக்காமல் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். மாதம் ஒரு முறை எடுத்து, நிழலில் காற்றாட விரித்து, மெத்தென்ற பிரஷால் துடையுங்கள். வெயிலில் காயப்போட்டால் தாள் மொறுமொறுத்து ஒடிந்துவிடும். வசம்பு, காய்ந்த வேப்பிலை ஆகியவற்றைத் துணியில் முடிந்து அடுக்கில் வைக்கலாம். பக்கம் கிழிந்திருந்தால் தயவுசெய்து செலோ டேப் ஒட்டாதீர்கள். சில ஆண்டில் பசை பழுப்பாகி எழுத்தையே தின்றுவிடும். மைதாப் பசையும் மெல்லிய தாளும் போதும்.

ஆய்வேட்டுக்கு ஒப்புமைச் சோதனை (பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கம்ப்யூட்டரில் பார்ப்பது) செய்ததில் 14 சதவீதம் வந்தது. நான் எதையும் திருடவில்லை. பட்டம் போய்விடுமா?
(ஆய்வு மாணவி, சேலம்)

போகாது, பதறாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை நடவடிக்கை எதுவும் கிடையாது. அதற்கு மேல் 40 வரை இருந்தால் திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கச் சொல்வார்கள், அதற்கு ஆறு மாதத்துக்கு மிகாமல் அவகாசம் உண்டு. அதற்கு முன் அறிக்கையைத் திறந்து எதெல்லாம் சிவப்பாகியிருக்கிறது என்று பாருங்கள். உரிய குறிப்போடு தந்த மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம் ஆகியவை கணக்கில் வரக்கூடாது. அவற்றை விலக்கிச் சோதிக்கும்படி நூலகத்தில் கேளுங்கள். அதுவே உங்களைப் பத்துக்குக் கீழே கொண்டுவந்துவிடலாம்.

அரசுக் கல்லூரி ஒன்றில் வேதியியல் கற்பிக்கிறேன். ஒரு கட்டுரை படிக்கவே மூவாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். எங்களைப் போன்ற சிறிய ஊர்க் கல்லூரிகளுக்கு வழியே இல்லையா?
(உதவிப் பேராசிரியர், தர்மபுரி)

வழி இருக்கிறது. ஆய்விதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பர் 25-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். மத்திய, மாநில அரசுகளின் 6,300-க்கும் மேற்பட்ட கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு 2025 தொடக்கத்திலிருந்து திறந்துவிடுகிறார்கள். பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும், காந்திநகரில் இருக்கும் இன்ஃபிளிப்நெட் மையம் இதை நடத்துகிறது. உங்களுடையது அரசுக் கல்லூரி என்பதால், பதிவு செய்திருக்கிறார்களா என்று நாளைக்கே முதல்வரிடமும் நூலகரிடமும் கேளுங்கள். பதிவு செய்யாமலோ, பதிவு செய்தும் யாரிடமும் சொல்லாமலோ விட்டிருக்கலாம்.

ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா என்ற இணையதளம் இருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான ஆய்வேடுகள், யாரும் கட்டணமில்லாமல் படிக்கலாம். முன்பெல்லாம் ஆய்வேடு என்றால் சிவப்பு ரெக்ஸின் அட்டையோடு கண்ணாடி அலமாரியில் பூட்டியிருக்கும், சாவி ஒருவரிடம் இருக்கும், அவர் விடுப்பில் இருப்பார். அந்தப் பூட்டு போனதில் எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி. பழந்தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும் பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு ஐந்து கட்டுரைகளின் விவரம் வாங்கினேன். எங்கள் நூலகத்தில் தேடியும் மூன்று கிடைக்கவில்லை. எங்கே கிடைக்கும்?
(எம்.ஃபில். முடித்தவர், மதுரை)

எங்குமே கிடைக்காமல் போகலாம். அந்தச் செயலிகள் இல்லாத கட்டுரைக்கும் நம்பும்படி தலைப்பு, ஆசிரியர், பக்க எண் எல்லாம் தந்துவிடும். ஆய்விதழின் பெயர் நிஜமாக இருக்கும், அந்தத் தொகுதியின் அந்தப் பக்கத்தில் வேறு கட்டுரை இருக்கும். இதழின் இணையப் பக்கத்துக்குப் போய், அந்த ஆண்டு, அந்தத் தொகுதிப் பொருளடக்கத்தைத் திறந்து கண்ணால் பாருங்கள். அங்கே இல்லையென்றால் அதை விட்டுவிடுங்கள். கண்ணால் பார்க்காத எதையும் துணைநூற்பட்டியலில் ஏற்றக்கூடாது என்பது கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே எங்களுக்குச் சொல்லித் தந்த விதி.

பாடப் புத்தகத்திலிருந்து சில அத்தியாயங்களை ஜெராக்ஸ் எடுத்துத் தொகுப்பாக மாணவர்களுக்குத் தருவது குற்றமா?
(விரிவுரையாளர், ஈரோடு)

இதே கேள்வி டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடை மீதும் பல்கலைக்கழகம் மீதும் பெரிய வெளிநாட்டுப் பதிப்பகங்கள் 2012-இல் வழக்குப் போட்டன. கற்பித்தலின் பகுதியாக ஆசிரியரோ மாணவரோ படி எடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது என்று 2016 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் சில அம்சங்களை மறுபடி விசாரிக்கச் சொன்னார்கள். 2017-இல் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றன. எனவே பாடத்துக்குத் தேவையான பகுதிகளைத் தொகுக்கலாம். முழுப் புத்தகத்தையும் படி எடுத்து விற்பது வேறு சங்கதி. அதுவும் 100 ரூபாய்க்குக் கிடைக்கும் தமிழ்ப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுக்காதீர்கள். தமிழ்ப் பதிப்பாளர்கள் எவ்வளவு குறைந்த படிகளோடு தொழில் நடத்துகிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

2009-இல் எடுத்த நூலகப் புத்தகம் ஒன்று வீடு மாறும்போது அகப்பட்டது. அபராதத்தை நினைத்தால் பயம். என்ன செய்யலாம்?
(பெயர் ஊர் இரண்டும் வேண்டாமாம்)

திருப்பிக் கொடுங்கள். நேரில் போகச் சங்கடமென்றால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். புத்தகம் வந்த சந்தோஷத்தில் அபராதத்தைத் தள்ளுபடி செய்யும்படி நானே எத்தனையோ குறிப்புகள் எழுதி மேலே அனுப்பியிருக்கிறேன்.

நூலகத்தில் படித்த புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைக்கக்கூடாது, மேசையிலேயே விட்டுவிடு என்கிறார்கள். ஒழுங்காக எடுத்து வைப்பது நல்ல பழக்கம்தானே?
(பி.ஏ. மாணவி, பொள்ளாச்சி)

வீட்டில் நல்ல பழக்கம்தான் கண்ணு. நூலகத்தில் மட்டும் மேசையிலேயே விட்டுவிடு. ஒரு காரணம், எந்தப் புத்தகத்தை எத்தனை பேர் எடுத்துப் பார்த்தார்கள் என்று மாலையில் மேசைகளைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும். இன்னொரு காரணம் பெரியது. தவறான இடத்தில் வைத்த புத்தகமும் திருட்டுப் போன புத்தகமும் எங்களுக்கு ஒன்றுதான். லட்சக்கணக்கான புத்தகங்களுக்கு நடுவில் அதைத் தேடிப்பிடிக்க முடியாது.

ஓர் ஆண்டு இருப்புச் சரிபார்ப்பு செய்தோம். பதிவேட்டை வைத்துக்கொண்டு அடுக்கில் இருக்கும் ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணுகிற வேலை. தூசியில் முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் செய்வோம். பழைய இலக்கணப் புத்தகம் ஒன்று ஆறு ஆண்டாகக் கணக்கில் இல்லை. கடைசியாகக் கையெழுத்துப் போட்ட ஆய்வு மாணவர் திருப்பித் தந்துவிட்டேன் என்று சத்தியம் செய்தார். எங்கள் பதிவில் அதற்கு அடையாளம் இல்லை. அவரிடம் விலையைப் போல இரண்டு மடங்கு வாங்கிக்கொண்டுதான், பாக்கி எதுவும் இல்லை என்கிற நோ டியூஸ் சான்றிதழ் கொடுத்தார்கள். விலங்கியல் அடுக்குகளை எண்ணிக்கொண்டிருந்த எங்கள் உதவியாளர் திடீரென்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், நத்தை, சிப்பிகளைப் பற்றிய புத்தகங்களுக்கு நடுவில் அந்த இலக்கணம் நிற்கிறது. நத்தைகளுக்கு எண் 594. தமிழ் இலக்கணத்துக்கு 494. முதுகில் இருந்த முதல் எண்ணில் மை கொஞ்சம் கலைந்திருந்தது.

அந்த மாணவர் அதற்குள் காரைக்காலில் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். பணத்தைத் திருப்பித் தருவதற்கான கோப்பை நானே எழுதினேன். எட்டு மாதம் ஆனது. செக்கை அனுப்பியபோது கூடவே ஒரு மன்னிப்புக் கடிதமும் வைத்தேன். பணம் கிடைத்தது என்று அவர் பதில் போட்டார். புத்தகம் பத்திரமாக இருக்கிறதா என்று அதில் கேட்டிருந்தார்.